கொடிமரத்தடி உப்பும் கோயில் தரையும்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை, திருவிழாக் குழு உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

புதுக் கோயில் தரைக்கு, செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்கிற ஆத்தங்குடிக் கல் பதித்தீர்கள். கிரானைட் பக்கம் போகாததற்கே உங்களைப் பாராட்டலாம். ஆனால் இந்தக் கல்லுக்கு ஆகாதவை இரண்டு: உப்பு, ஆசிட். நம்முடையதோ உப்பு மிளகு காணிக்கை கொட்டுகிற திருத்தலம்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்ததல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, சிமெண்டில் குழைத்த சாயத்தை அச்சில் ஊற்றி, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது. மினுமினுப்பு கண்ணாடி தந்தது. சாயம் சில மில்லிமீட்டர்தான்.

கொடிமரப் பீடத்தில் கொட்டிய உப்பு ஒரு தூறலில் கரைந்துவிடும். வெறுங்காலோடு உள்ளே வருகிறவர்களின் பாதத்தில் ஒட்டி நடுவழி முழுக்கப் பரவும். கல்லின் நுண்துளைகளில் இறங்கி, காயும்போது மறுபடி படிகமாகி, சாயத்தை உள்ளிருந்தே தள்ளும். வெள்ளையாய்ப் பூத்ததைப் பார்த்ததும் யாராவது ஆசிட்டைத் தூக்குவார்கள். அது சிமெண்டையே தின்னும். ஒரே கழுவலில் பூ வேலைப்பாடு சொரசொரத்துவிடும். கொடிமரப் பீடமும் தப்பாது: உப்புத் தண்ணீர் இறங்கினால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருவேறி உப்பி, கீறல் விடும்.

(புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூரில் சனங்கள் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறார்கள். இங்கே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அள்ள ஆள் வேண்டுமே!)

காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. கொடிமரப் பீடத்திலிருந்து பத்தடி தள்ளி, மழை படாத கூரைக்கடியில் ஒரு கருங்கல் தொட்டி வையுங்கள். நான்கடிக்கு இரண்டடி, ஆழம் ஒன்றரை அடி. தினமும் மாலையில் உப்பைச் சாக்கில் அள்ளிவிட வேண்டும். இரவு விட்டால் பனியில் கசியும். வாசற்படிக்கு முன்னால் கால் கழுவக் குழாய், தேங்காய்நார் மிதியடி.

பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் முறை வைத்துத் துடைக்கும்போது பச்சைத் தண்ணீரே போதும், வாளியை இரண்டு மூன்று தடவை மாற்றினால் சரி. கடைசி வாளியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். மெழுகு சிந்தினால் கத்தி வேண்டாம். மரச்சில்லால் பெயர்த்துவிட்டு, மிச்சத்தின் மேல் வெற்றுத்தாள் விரித்து இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள், தாள் உறிஞ்சிவிடும்.

பழைய கோயிலில் இடிக்காமல் விட்ட சுவர் ஒன்று இருக்கிறதே, அதற்கு எமல்ஷன் அடிக்க வேண்டவே வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. ஈரம் வந்து போக வழி வேண்டும், பெயிண்ட் அடைத்தால் கொப்பளிக்கும்.

கொடியேற்றத்துக்குள் தொட்டி வந்துவிட வேண்டும். சாமான் அறையில் ஆசிட் கேன் இருந்தால், இன்றைக்கே கழிப்பறைப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனார்கள்