உன் மூன்று நாள் கதையைச் சொல்லட்டுமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு அறிமுகப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்துவிட்டது, அதனால்தான் தாமதம். பதினாலு பேர். எல்லோரும் படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள். சீருடையில் மடிப்புகூடக் கலையவில்லை. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நம் இரண்டு பேர் ஞாபகம்தான்.

முதல் நாள் விதிமுறைகள், அடையாள அட்டை, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று போய்விட்டது. மறுநாள் கை கழுவுவது. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் (கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20 முதல் 30 விநாடி. எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் செய்யச் சொன்னால் கட்டைவிரலை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றும் கவனித்தேன். நோயாளியைத் தொட்டால் கழுவுகிறார்கள், கட்டில் கம்பியையோ போர்வையையோ தொட்டால் கழுவுவதில்லை. “நோயாளியைத் தொடவே இல்லையே, சிஸ்டர்” என்கிறார்கள். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

அப்புறம் வார்டுக்கு அனுப்பினோம், ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த நர்ஸ் துணையாக. நான்காம் நாள் காலை ஒரு பெண் டிரேயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இன்சுலின் சிரிஞ்சில் 40ஆம் கோடு வரை மருந்து ஏற்றியிருந்தாள். “நாற்பது யூனிட், சரிதானே சிஸ்டர்? எனக்கு என்னமோ அதிகமாகத் தெரிகிறது” என்றாள். கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ‘4U’. அந்த U-வின் மேல்பக்கம் மூடிக்கொண்டு பூஜ்ஜியம் மாதிரியே இருந்தது. முந்தின நாள் கொடுத்தது நான்குதான். டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவரும் நான்கு என்றார். யூனிட் என்பதை முழுதாக எழுத வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

அவளுக்குக் கை நடுங்கியது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். “திட்டுவீர்கள் என்று பயந்தேன், வராமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்” என்றாள். அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, அளவு, மருந்தைச் செலுத்தும் வழி, நேரம் என்று ஐந்தையும் அவள் படித்திருந்தாள். அன்று நோயாளியைக் காப்பாற்றியது அவள் துணிந்து வந்து கேட்டதுதான்.

நமக்கு யார் இருந்தார்கள், சொல்? சேர்ந்த இரண்டாம் நாளே நைட் டியூட்டி, ஒரு வார்டு முழுக்க உன் ஒருத்தி தலையில். நோயாளிக்குப் போட்ட ஊசி உன் விரலில் குத்தியதை இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பயந்து மூன்று நாள் மறைத்தாயே! விடுதிக் குளியலறையில் விரலை அழுத்தி அழுத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாய். அழுத்தக் கூடாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்று நமக்கு யாருமே சொல்லவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை என்று இவர்களுக்குச் சொல்லும்போது, எனக்கு அந்த மூன்று நாள்தான் கண்ணில் நிற்கிறது. உன் பரிசோதனை முடிவெல்லாம் நல்லபடியாக வரும்வரை நாம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அந்தக் கதையை இவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன், உன் பெயர் இல்லாமல். ஊசி குத்தினால் யாரிடம் போவது, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே, விதிமுறைகளுக்கும் முன்னால் வைக்கப் போகிறேன். “சொன்னதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்” என்று மூத்த நர்ஸ்களையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லப் போகிறேன். ஆனால் அது உன் வலி. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அடுத்த குழு திங்கட்கிழமை சேருகிறது. அதற்குள் ஒரு வரி எழுது.

உன் பழைய அறைத்தோழி