பருத்தித்துறைக்கு வெளிக்கிட முன்னம்

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

மச்சான்,

சித்திரை வருடத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபிக்காதே. அம்மாவுக்குச் சீனி இப்போது கட்டுப்பாட்டில், மகள் பேராதனையில் இரண்டாம் வருடம், நாங்கள் சுகம்.

போன கிழமை வாத்தியைக் கடற்கரையில் கண்டேன். நீயும் உன் கூட்டமும் வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை பைக்கில் போகப் போகிறீர்களாம். பத்தாம் வகுப்பில் புவியியல் படத்தில் நீ பென்சிலால் கோடு கீறி அடி வாங்கின அதே பாதை! கேட்டதும் சந்தோஷம். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் மகளுக்கு லப்டொப் கொடுத்துவிட்டுக் கண்டியிலிருந்து திரும்பினேன். தம்புள்ளையில் மழைக்கு ஒதுங்கியதில் நேரம் போய்விட்டது. ஹபரணை தாண்டும்போதே இருட்டு. கந்தளாய்க்கு இன்னும் பாதி வழி இருக்க, சடார் என்று ஒரு சத்தம். எஞ்சின் இரைகிறது, பைக் இழுக்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் செயின் பின்னால் தார் ரோட்டில் நீளமாகக் கிடக்கிறது. தொட்டேன், சுட்டது. செயினின் இரண்டு நுனியையும் சேர்க்கிற செயின் லொக்கின் கிளிப், நகத்தளவுச் சாமான், எங்கே பறந்ததோ தெரியாது. இரண்டு முழம் தள்ளி யானை லத்தி, ஈரம் காயாமல். அந்த ரோட்டை உனக்குச் சொல்லவா வேண்டும்?

கிரீஸ் கையோடு போனை எடுத்து இன்சூரன்ஸ் கொம்பனிக்கு அடித்தேன். 6 வருடமாக ஃபுல் இன்சூரன்ஸ் கட்டுகிறவன், ஆள் அனுப்புவார்கள் என்று முழு நம்பிக்கை. அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது. நம்பரைப் பார்த்துவிட்டு, "விபத்து என்றால் வருவோம் சேர், பிரேக்டவுன் சேவை உங்கள் பத்திரத்தில் சேர்க்கவில்லையே" என்றது. அது தனியாகக் காசு கட்டிச் சேர்க்கிற ஒன்றாம். ஆறு வருடத்தில் எனக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முக்கால் மணித்தியாலம் நின்றேன். இரண்டு பஸ் போனது, நிற்கவில்லை. காட்டுக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மகளின் முகம்தான் வந்தது. கடைசியில் கிண்ணியா நானா ஒருவர், மீன் இறக்கிவிட்டு வெறும் கன்டர் லொறியில் வந்தவர், நிற்பாட்டினார். பைக்கை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் தூக்கிப் போட்டுக் கயிறு கட்டினோம். எவ்வளவு கேட்டும் காசு வாங்கவில்லை. கந்தளாயில் ஒரு பிளேன்டீ மட்டும் குடித்தார். அந்த மனிசனை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

மறுநாள் பத்திரத்தை முதன்முதலாக முழுதும் வாசித்தேன், மச்சான். செயினை விடப் பெரிய விஷயம் அதற்குள்தான் இருந்தது. என் பைக்கின் பெறுமதி 2 இலட்சம் ரூபா என்று பழைய கணக்கிலேயே கிடக்கிறது. 2020இல் இறக்குமதியை நிற்பாட்டின பிறகு பழைய பைக்கெல்லாம் என்ன விலைக்குப் போனது? இன்று 5 இலட்சம் பெறுகிற பைக்கை 2 இலட்சத்துக்குப் போட்டு வைத்தால், 50,000 ரூபா சேதத்துக்கு ஐந்தில் இரண்டு பங்கு, 20,000தான் கணக்கு வரும். அப்படிக் குறைக்கலாம் என்று பத்திரத்தில் எழுதியே இருக்கிறது. திங்கட்கிழமையே ஒஃபிசுக்குப் போய்ப் பெறுமதியைத் திருத்தி, பிரேக்டவுன் சேவையையும் சேர்த்தேன். எத்தனை கிலோமீற்றர் வரை ஏற்றுவார்கள், இரவிலும் வருவார்களா என்று கேட்டு எழுதி வாங்கினேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் பைக் இன்னும் ஓப்பன் பேப்பரில்தானே நிற்கிறது? வாங்கி மூன்று வருடமாகிறது, இன்னும் உன் பெயருக்கு மாற்றவில்லை என்று வாத்தி சொன்னபோது அந்த இடத்திலேயே உனக்குப் போன் எடுத்து ஏச நினைத்தேன். பழைய சொந்தக்காரன் பெயரில் பத்திரம் இருந்தால், கிளெய்ம் என்று போகிற அன்றைக்கு நீ யார் என்று கேட்பார்கள். அதோடு உன்னுடையது வெறும் தேர்ட் பார்ட்டி. வருட லைசென்ஸ் எடுக்க அது போதும். நீ இடித்தால் மற்றவனுக்கு அது பதில் சொல்லும். உனக்கோ உன் பைக்குக்கோ ஒரு சதம் வராது.

எங்கள் கூட்டாளி மொட்டையை நினைத்துப் பார். மூதூர்ப் பக்கம், மழை விட்ட இரவு, சூட்டுக்கு ரோட்டில் படுத்திருந்த மாட்டில் பைக்கோடு மோதினான். மாட்டுக்குச் சொந்தக்காரன் என்று ஒருவனும் வரவில்லை. அவனிடமும் தேர்ட் பார்ட்டிதான் இருந்தது. இரண்டு ஒபரேஷனுக்கு அவன் மனிசி தாலிக்கொடியை அடகு வைத்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம்? அதிவேக வீதியில் பைக்கை விட மாட்டார்கள். ஆகவே முழுத் தூரமும் மாடும் யானையும் பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில்தான் நீ போக வேண்டும். ஃபுல் இன்சூரன்ஸ் போடு, ஓடுகிறவனுக்கான விபத்துக் காப்புறுதியையும் கேட்டுச் சேர். சின்னவனைக் கூட்டிப் போனால் லைசென்ஸ் கையில் வரும் வரை ஹாண்டிலைக் கொடுக்காதே.

யாராவது விழுந்தால் முதலில் 1990, அம்புலன்ஸ் இலவசம். ஆளுக்குக் காயம் என்றால் பொலிசுக்கு 119உம். பிறகு பைக்கை அசைக்காமல் கொம்பனிக்கு அடி, நாலு பக்கமும் படம் எடு. இருட்ட முன்னம் எங்கேயாவது தங்கு, ஹபரணைப் பக்கம் என்றால் கட்டாயம்.

வருகிற வழியில் இங்கே ஒரு இரவு நில்லுங்கள். அம்மா இறால் குழம்புக்கு இப்போதே ஆள் சொல்லி வைத்துவிட்டா. உன் பைக்குக்கு ஏற்ற செயின் லொக் இரண்டு வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். பெயர் மாற்றின பைக் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதைப் பார்த்த பிறகுதான் தருவேன்.

அன்புடன்,
உன் மச்சான்