'மெட்டி ஒலி'யின் நினைவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் திருமுருகன் இயக்கத்தில் ஒளிபரப்பான 'மெட்டி ஒலி' தொடரைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு எழுகிறது. ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் சிதம்பரமாக டெல்லி குமார், சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் என் அம்மா. சிதம்பரத்தின் மகள்களில் ஒருத்தியான சரோஜா தன் மாமியார் ராஜத்திடம் பட்ட பாட்டைக் கண்டு, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தம் கதையையே சொல்லி அழுததும் நினைவிருக்கிறது.

2020 ஊரடங்கின்போது மறுஒளிபரப்பைப் பார்த்த என் மகள், சரோஜா ஏன் முன்பே எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டாள். அன்று எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. எண்ணூறு பகுதிகளுக்கு மேல் நீண்ட தொடரின் உரையாடல்கள் நாள்தோறும் எவ்வாறு எழுதப்பட்டன, நடிகர்கள் அவற்றில் எந்த அளவுக்குத் தம் சொற்களைச் சேர்த்தார்கள் என்பதையும் அறிய விரும்புகிறோம். இன்னொரு மகள் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021-இல் காலமாகிவிட்டார். மற்ற கலைஞர்களையும் தொழில்நுட்பக் குழுவினரையும் சந்தித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்