அருந்ததியை மண்டபக் கூரையில் தேட வேண்டாம்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் திருமணம் நடத்திவைக்கும் புரோகிதர் ஐயாக்களுக்கும், கல்யாண மண்டபம் நடத்துவோருக்கும் வணக்கம்.

காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை கை நீட்டுகிறார், பெண் அண்ணாந்து பார்க்கிறாள். மேலே இருப்பது மின்விசிறியும் ஜிப்சம் கூரையும்தான். வீடியோக்காரர் "இன்னொரு தடவை" என்கிறார், இன்னொரு தடவையும் கை நீட்டியாகிறது. அம்மி மிதித்து அருந்ததி பார்த்தாயிற்று என்று அடுத்த சடங்குக்குப் போய்விடுகிறோம்.

வீட்டுச் சடங்குகளுக்கான பழைய விதிநூல்களான கிருஹ்ய சூத்திரங்களில் இது இரவுச் சடங்கு. துருவன் என்னும் வடதுருவ மீனையும் அருந்ததியையும் வட வானில் ஏழு மீன்களாக நிற்கும் ஏழு முனிவரையும் கண்ட பிறகே மணப்பெண் மௌனம் கலைக்க வேண்டும் என்பது ஆசுவலாயனர் முறை. முகூர்த்தத்தை மாற்றச் சொல்லி இந்த மடல் எழுதவில்லை. பகலில் செய்வதைப் பகலில் செய்யுங்கள். அதே கல்யாணத்தில் இரவிலோ விடிகாலையிலோ கால்மணி நேரம் ஒதுக்கி, உண்மையான விண்மீனையும் காட்டுங்கள் என்பதே கோரிக்கை.

ஏன் இந்த மீன் என்பதை மணமக்களுக்கு ஒரு வரியாவது சொல்லுங்கள். மகாபாரத வனபர்வத்தில், ஏழு முனிவரின் மனைவியர்மேல் மோகம் கொண்ட அக்கினியை அடைய, சுவாகா என்பவள் அவர்கள் உருவத்தை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். ஆறு பேர் உருவம் வந்தது. வசிட்டரின் மனைவி அருந்ததியின் உருவம் மட்டும் வரவில்லை, அவள் தவம் விடவில்லை. பழி சுமந்து கணவரால் விலக்கப்பட்ட அந்த ஆறு பேரே கார்த்திகை மீன்களானார்கள். ஏழு முனிவரில் ஒருவர் பக்கத்தில் மட்டும் மனைவி நிற்பதற்கு இதுவே காரணம். சங்கப் பாட்டில் 'வடமீன்' என்று வருபவளும் இவள்தான். செய்யாத தவறுக்கு அந்த ஆறு பேரும் தண்டனை பெற்றது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அது வேறு பேச்சு.

இனி நேரம். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானில் சுமார் 10 பாகை. நம் கடற்கரையில் வசிட்டரும் அருந்ததியும் உச்சத்தில் வடக்கே 44 பாகை, அதாவது நாலரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. தை, மாசியில் விடிகாலை 5 மணிக்கு ஏறக்குறைய அந்த உயரத்தில் இருப்பார்கள். பிரம்ம முகூர்த்தக் கல்யாணம் என்றால் தாலி கட்டியவுடனே வெளியே கூட்டிவரலாம். பங்குனி விடிகாலையில் வடமேற்கே சாய்ந்து, மாதக் கடைசியில் இரண்டு முஷ்டிக்கு இறங்கிவிடுவார்கள். சித்திரையில் இரவு 8 மணிக்கு வடகிழக்கு. வைகாசி, ஆனியில் இரவு 8 மணிதான் ஆண்டிலேயே சௌகரியமான நேரம். வரவேற்பு நடக்கும்போதே பார்த்துவிடலாம். ஆவணியில் இருட்டியதும், ஏழேகாலுக்குள், வடமேற்கே பார்த்துவிட வேண்டும். கார்த்திகையில் விடிகாலை 5 மணிக்கு வடகிழக்கே தெரியும், மழைமேகம் விட்டால்.

வளர்பிறை முகூர்த்தம் என்றால் மாலை வானில் நிலா நிற்கும், அதன் வெளிச்சம் சின்ன மீனை விழுங்கிவிடும். விடிகாலைக்குள் அந்த நிலா மறைந்துவிடும் என்பதால் விடிகாலையில் அவர்கள் தெரியும் மாதங்களில் முடிந்தவரை விடிகாலையைத் தேர்ந்தெடுங்கள்.

காட்டும் முறை அருந்ததி நியாயமேதான்: பெரியதைக் காட்டிச் சின்னதற்கு வருவது. வைகாசி இரவில் வடக்கு நோக்கி நின்றால் இடப்பக்கம் நான்கு மீன் கட்டில் போல இருக்கும். அதிலிருந்து வலப்பக்கம் மூன்று மீன் நீளும்: கட்டிலை ஒட்டியவர் அங்கிரஸ், நடுவர் வசிட்டர், கடைசி மரீசி. நடுமீனை ஒட்டி, முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இல்லாத இடைவெளியில், வசிட்டரின் ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே உள்ள பொட்டுதான் அருந்ததி. உச்சத்தில் வசிட்டருக்கு வலப்புறம் சற்றுக் கீழே இருப்பாள். வடகிழக்கில் ஏறும்போது அவருக்குக் கீழே, வடமேற்கில் இறங்கும்போது மேலே. உதிப்பதிலும் மறைவதிலும் அவருக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிந்துவாள்.

தவறுவது பெரும்பாலும் இங்கே. வசிட்டரையே அருந்ததி என்று காட்டி முடித்துவிடுவார்கள். இரண்டு புள்ளி தெரிகிறதா என்று பெண்ணிடம் கேளுங்கள், தெரியாவிட்டால் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். சிலர் வடக்கே தனியாகத் தெரியும் ஏதோ ஒன்றைத் துருவன் என்று காட்டுகிறார்கள். நம் ஊரில் துருவன் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை, தென்னையும் பனையும் மறைத்துவிடும். போட்டோவுக்காகப் பெண்ணின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தால் முதலில் அதைத் தேடி மாட்டச் சொல்லுங்கள். வீடியோ விளக்கு முகத்தில் பட்ட கண்ணுக்குப் பத்து நிமிட இருட்டாவது வேண்டும். மீனையே முறைக்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் மங்கலானது துலங்கும்.

மண்டபக்காரர்களுக்கு: வடபக்கச் சுவர் ஃபோகஸ் விளக்கு, வாசல் சீரியல் பல்பு, மொட்டைமாடி விளக்கு மூன்றுக்கும் தனி சுவிட்ச் வைத்து, கேட்டால் 15 நிமிடம் அணைத்துக்கொடுங்கள். மாடிப்படி விளக்கை மட்டும் விடுங்கள், பட்டுப்புடவையோடு இருட்டில் ஏற முடியாது. மண்டபம் ஊர், பாம்பன் பக்கம் வடகடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு வடக்கே கடல்தான், மறைப்பு இல்லை. கீழக்கரை, ஏர்வாடி போன்ற தென்கடல் ஊர்களில் வடக்கே ஊர் விளக்கு நிற்கும், அங்கே மாடிதான் வழி. ஆனியில் தென்மேற்குக் காற்று சமையல்கட்டுப் புகையை வடகிழக்கே தள்ளும், அடுப்புக்கு நேர் வடகிழக்கே யாரையும் நிறுத்த வேண்டாம்.

ஐப்பசி முகூர்த்தத்தில் மாலையில் அவர்கள் முன்பே மறைந்திருப்பார்கள். விடிகாலையிலும் மாதக் கடைசிவரை அடிவானத்தை விட்டு ஏறமாட்டார்கள். அந்த மணமக்களிடம் காட்டியதாகப் பாவனை செய்யாமல், "தை பிறந்ததும் விடிகாலை ஐந்து மணிக்கு வடக்கே பாருங்கள்" என்று தாம்பூலப் பையில் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இக்கடற்கரையில் வானம் பார்க்கும் சிலர்