ஜப்பானில் கார் ஓட்டப் போகிறவர்கள் முதலில் டயரைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டு இறுதி விடுமுறை நெருங்குகிறது. முன்பெல்லாம் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு விடுமுறை என்றால் பத்துமலை, பினாங்கு, மிஞ்சிப்போனால் தமிழ்நாடு. இப்போது பிள்ளைகள் படித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள், பனியைப் பார்க்க ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகிறார்கள், அங்கேயே வாடகைக் கார் எடுத்து ஓட்டவும் செய்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் போன டிசம்பரில் என் மகள் குடும்பத்துக்கு நடந்ததை நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

டோக்கியோவில் கார் எடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் நீகாத்தாவில் இருக்கும் யுசாவா என்ற ஊருக்குப் போவதாகத் திட்டம். ஏற்பாடு செய்துகொடுத்த பயண முகவர், "டோக்கியோவில் பனியே கிடையாது அண்ணே, சாதாரணக் கார் போதும்" என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். டோக்கியோவுக்கு அது சரி. கிளம்பும்போது வானம் நீலமாக இருந்ததாம், சாலையும் காய்ந்து கிடந்ததாம். மலையை நெருங்கியதும் நெடுஞ்சாலையில் நிறுத்திவிட்டார்கள். சீருடை போட்ட பெரியவர் ஒருவர் குனிந்து, கையுறையைக் கழற்றி, டயர் பூவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினாராம். பனிக்கால டயர் இல்லை, இதற்கு மேல் விட முடியாது. அறைக்குக் கட்டிய பணம் போனது. மறுநாள் ரயிலில் போனார்கள். குகைப்பாதைக்குள் நுழையும்போது வெயில், வெளியே வந்தால் கூரையெல்லாம் மூடிக் கிடக்கும் பனி. அந்தக் காரில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

ஒரே மலை, ஒரே நாள், எப்படியப்பா இப்படி என்று மகள் கேட்டாள். நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. டிசம்பரில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போய்ப் பாருங்கள். பேராக் பக்கம் தூறல், மலையைத் தாண்டி கிளந்தானில் இறங்கினால் வைப்பர் தள்ள முடியாத மழை. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து நம் கிழக்குக் கரையில் கொட்டுகிறது, தித்திவங்சா மலை மறைப்பதால் நமக்கு அவ்வளவு இல்லை. அதே சைபீரியக் காற்றின் இன்னொரு பக்கம் ஜப்பான் கடலைக் கடக்கிறது. அந்தக் கடலில் வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால் காற்று ஆவியை வாரிக்கொண்டு, மலையில் முட்டி, மேற்குக் கரையில் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி டோக்கியோவுக்கு வரும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. வடக்கே சப்போரோவில் ஒரு குளிர்காலம் முழுக்க விழும் பனியைக் கூட்டினால் ஏறக்குறைய 5 மீட்டர் வரும். அமெரிக்காவில் பெரிய ஏரிகளின் ஓரத்திலும் இதே கதைதான், 2014 நவம்பரில் பஃபலோ நகருக்குத் தெற்கே 5 அடிக்கு மேல் பனி, வடக்கே கொஞ்ச தூரத்தில் சில அங்குலம். அதனால் 'ஜப்பானில் பனி இருக்கிறதா' என்று கேட்டுப் பயனில்லை. போகிற ஊர் மலைக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

அப்புறம் டயர். பால் வெட்டி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் சூட்டுக்கு ஏற்ற டயர் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்கத் தொடங்கி, பிடிப்பு குறைந்துவிடும். பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும், மேலே பொடிப்பொடிக் கீறல்கள் இருக்கும், அவைதான் பனியைக் கவ்வும். சப்போரோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் வாடகைக் காரை அந்த டயரோடுதான் தருவார்கள். டோக்கியோவில் பெரும்பாலும் நாமே கேட்டு, கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டும். அந்த டயர் இருந்தாலும் வேகம் வேண்டாம். கொட்டிக் கிடக்கும் பனியைவிட, பூஜ்யம் டிகிரியை ஒட்டி உருகி மறுபடி உறைந்த மெல்லிய படலம்தான் ஆபத்து, பார்த்தால் வெறும் ஈரத் தார் போலத் தெரியும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று போவதால் மற்ற சாலையைவிட அது முதலில் உறையும். அங்கே பிரேக்கை மிதித்தால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது.

மாட்டிக்கொண்டால் அதைவிட மோசம். 2020 டிசம்பரில், யுசாவாவுக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பனியில் சிக்கின, எல்லாரையும் மீட்க இரண்டு நாள் ஆனது. குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்போம், பின்னால் புகைக்குழாயைப் பனி அடைத்துவிடும், வாசனையே இல்லாத விஷவாயு உள்ளே ஏறும். 2013 மார்ச்சில் கிழக்கு ஹொக்கைடோவில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் காருக்குள் அப்படித்தான் இறந்துபோனார்கள். காரில் ஒரு சின்ன மண்வெட்டி இருக்கட்டும். குழாயைச் சுற்றித் திரும்பத் திரும்பத் தோண்டிவிட வேண்டும், முடியாவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

பயண முகவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டிசம்பரில் கார் ஏற்பாடு செய்து கொடுத்தால், என்ன டயர் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் அவர்களே, விடுமுறை தொடங்கும் முன் உங்கள் பத்திரிகையும் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால், எங்கள் ஊரிலிருந்து இந்த முறை கிளம்பும் இரண்டு குடும்பங்களுக்கு நானே நறுக்கிக் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்