லேக்கர்ஸ் விலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியது, மாடியில் மழைநீர் ஒழுகுவது, ஓய்வூதிய வழக்கு மறுபடி தள்ளிப்போனது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டாய். வழக்கு இந்த முறையாவது முடியட்டும். இங்கே நாங்கள் நலம். சாரதாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான்தான் விடியற்காலையில் எழுந்து அமெரிக்கப் பாஸ்கெட்பால் பார்க்கிறேன் பேர்வழி என்று அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுத் திட்டு வாங்குகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் என்ற பாஸ்கெட்பால் அணி 2025இல் ஆயிரம் கோடி டாலர் மதிப்பில் கைமாறியதைப் படித்துவிட்டு, “ஒரு பந்து, இரண்டு கூடை, அதற்கு 85,000 கோடி ரூபாயா? முதலாளிகளின் கூத்து” என்று எழுதியிருக்கிறாய். கூத்துதான், மறுக்கவில்லை. ஜெர்ரி பஸ் 1979இல் இதே அணியை வாங்கியபோது கொடுத்தது 6 கோடியே 75 லட்சம் டாலர். அந்தப் பணத்துக்கே ஓர் ஐஸ் ஹாக்கி அணியும், ஃபோரம் என்ற அரங்கமும், பெரிய பண்ணை ஒன்றும் சேர்ந்து வந்தன. ஆனால் இந்த விலை ஏற்றத்துக்கு முதலாளிகளின் சாமர்த்தியத்தைவிட ஆட்டக்காரர்களின் பிடிவாதம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி. சங்கத்துக்காரனான உனக்கு இது பிடிக்கும்.

லேக்கர்ஸ் ஆடும் அமெரிக்கப் பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ. ஆரம்பித்த விதமே வேடிக்கையானது. ஹாக்கி இல்லாத ராத்திரிகளில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்று சில அரங்க முதலாளிகள் 1946இல் தொடங்கிய லீக் அது. ஆட்டமும் தூங்கி வழிந்தது. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தும். 1950இல் ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது. பௌலிங் கூடம் நடத்திவந்த டேனி பயசோன் என்பவர் சிரக்யூஸ் அணிக்கு முதலாளி. 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று 1954இல் அவர் கொண்டுவந்த விதி ஆட்டத்தைப் பிழைக்க வைத்தது.

உனக்காகச் சொல்ல வேண்டியது 1964 ஜனவரியில் பாஸ்டனில் நடந்தது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஆடும் ஆட்டம். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்ட கேமராக்கள் தயார். ஆனால் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியத் திட்டத்தை முதலாளிகள் வருஷக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால்தான் ஆடுவோம் என்றார்கள் இவர்கள். டாம் ஹைன்சன் ஆட்டக்காரர்கள் சங்கத் தலைவர். பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட் எல்லோரும் உள்ளேதான். லேக்கர்ஸ் முதலாளி தன் ஆட்டக்காரர்களை மிரட்டி ஆள் அனுப்பினார். எல்ஜின் பேலர் சொல்லி அனுப்பிய பதிலைச் சாரதா படிக்கும் கடிதத்தில் எழுத முடியாது. கடைசியில் லீக்கின் தலைமை நிர்வாகி வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்தார். அதன் பிறகே ஆட்டம் நடந்தது. ராபர்ட்சன் பெயரில் 1970இல் போட்ட வழக்கு 1976இல் சமரசமாகி, ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணிக்குப் போகவும் வழி பிறந்தது.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். தரையில் ஓர் அணிக்கு ஐந்தே பேர். தலையில் ஹெல்மெட் இல்லை, உடம்பில் கவசம் இல்லை, கேமரா பக்கத்திலேயே நிற்கிறது. வியர்வை தெரிகிறது, கோபம் தெரிகிறது. நாம் ரஜினி படம் என்றுதான் டிக்கெட் எடுப்போம், தயாரிப்பாளர் யார் என்று கேட்டா எடுக்கிறோம்? அங்கேயும் ஜனங்கள் வந்தது முகத்துக்காக. அந்த முகங்களுக்கும் தங்கள் மதிப்பு தெரிந்திருந்தது.

ஆனாலும் 1980 வரை வியாபாரம் சுமார்தான். அந்த வருஷம் சாம்பியன் பட்டம் முடிவான ஆட்டத்தில், லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் அடிபட்டு வராத நிலையில், இருபது வயது மேஜிக் ஜான்சன் அவர் இடத்தில் இறங்கி 42 புள்ளி எடுத்தார். முதல் வருஷப் பையன்! அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு அது நேரலையில் கிடைக்கவில்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சி பதிவு செய்து வைத்து, இரவு பதினொன்றரைக்கு மேல் ஒளிபரப்பியது.

திருப்பம் 1983இல் வந்தது. பல அணிகள் நஷ்டத்தில் தள்ளாடின. முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டார்கள். சங்கம் ஒத்துக்கொண்டது, ஆனால் சும்மா அல்ல: லீக் வருமானத்தில் 53 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு. 1984-85இல் ஓர் அணிக்கு உச்சவரம்பு 36 லட்சம் டாலர். 2025-26இல் அது 15 கோடியே 46 லட்சம். லீக் வளர்ந்தால் எனக்கும் வளரும் என்ற எண்ணம் ஆட்டக்காரனுக்கு வந்தது அப்போதுதான். 1984இல் லீக்கின் தலைமை நிர்வாகியாக, அதாவது கமிஷனராக, வந்த டேவிட் ஸ்டெர்னுக்கு எல்லாப் புகழும் போகிறது. அந்த ஒப்பந்தம் இல்லாமல் அவர் இத்தனை தூரம் போயிருப்பாரா என்பது சந்தேகம்.

அதே 1984இல் வந்தவர் மைக்கேல் ஜோர்டன். அவருக்கு அடிடாஸ் மீதுதான் ஆசை. நைக் அப்போது ஓட்டப்பந்தய ஷூவுக்குப் பேர்போன கம்பெனி. அவர்களைப் போய்ப் பார்க்கவே அவருக்கு மனமில்லை. அம்மா டெலோரிஸ்தான் பிடித்து அனுப்பினார். பையன் பெயரிலேயே ஷூ, விற்கும் ஒவ்வொரு ஜோடியிலும் பங்கு. 1985இல் கடைக்கு வந்தபோது விலை 65 டாலர். முதல் வருஷத்திலேயே 12 கோடி டாலருக்கு மேல் விற்றது. கறுப்பும் சிவப்புமான நிறம் லீக் விதிக்கு ஒத்துவராது என்று எச்சரிக்கை வந்ததும், நைக் அந்தத் தடையையே விளம்பரமாக்கிக் காசு பார்த்தது. என் அக்கா பேரன் 2005இல் பிறந்தவன். ஜோர்டன் கடைசியாக ஆடியது 2003இல். அவர் ஆடி ஓர் ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஷூவைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிறான்!

எனக்கு உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் மிடுக்கு முழுக்கக் கறுப்பின இளைஞர்களிடமிருந்து, தெருக் கோர்ட்டிலிருந்தும் ஹிப்ஹாப்பிலிருந்தும், வந்தது. ஆலன் ஐவர்சன் என்ற ஆட்டக்காரர் சடைப் பின்னலும் தொளதொள உடையுமாக வந்து நின்றபோது பையன்கள் அப்படியே நகலெடுத்தார்கள். லீக் என்ன செய்தது? 2005இல் உடைக் கட்டுப்பாடு போட்டது. தொப்பி கூடாது, வெளியே தெரியும்படி சங்கிலி கூடாது. இன்று அதே லீக், ஆட்டக்காரர்கள் அரங்கத்துக்குள் நடந்து வரும் உடையைப் படமெடுத்து ஃபேஷன் ஷோ மாதிரிப் பரப்புகிறது.

வெளிநாட்டுக் கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டன், மேஜிக், லாரி பேர்ட் எல்லோரும் ஒரே அணியில் ஆடி, சராசரியாக 40 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். எதிரணிக்காரர்களே அவர்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பலன் இப்போது தெரிகிறது: 2019 முதல் 2025 வரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒரு தடவைகூட அமெரிக்காவில் பிறந்தவருக்குப் போகவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் 11 ஆண்டுக்கு 7,600 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்கள் பக்கம் போகும். 85,000 கோடி எங்கிருந்து வந்தது என்று இப்போது கணக்குப் புரிந்திருக்குமே.

நம் ஐ.பி.எல்.லை இதோடு வைத்துப் பார். 2023 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய். அதாவது வருஷத்துக்கு 9,600 கோடிக்கு மேல். 2025இல் ஓர் அணி ஆட்டக்காரர்களை எடுக்கச் செலவிடக்கூடியது 120 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடி. ஆட்ட ஊதியம் தனி என்றாலும் பாதிக்குப் பக்கத்தில்கூட வராது. ஓய்வு பெற்ற கிரிக்கெட்காரர்களுக்காவது 2019இல் ஓர் அமைப்பு வந்தது. இப்போது ஆடுகிறவர்களுக்குச் சங்கமே கிடையாது. ஏலத்தில் பல கோடிக்குப் போகிறவன் எதற்குக் கேட்கப்போகிறான் என்று நீ சொல்வாய். ஆனால் பேலரும் வெஸ்ட்டும்கூட அந்தக் காலத்தில் அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர்கள்தானே? காலமெல்லாம் சங்கத்தில் உழைத்தவன் நீ, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

அன்புடன்,
ராமு