"வரலையே" என்று சொன்னவர்களுக்கு நன்றி

வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பார்க்க நாங்கள் எழுதிய சோதனைக் குறிப்புகளை அடுப்படியிலும் திண்ணையிலும் செய்து பார்த்த அம்மா அப்பாக்கள், தாத்தா பாட்டிகள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அதிலும் "சொன்னபடி செஞ்சோம், வரலையே" என்று எழுதியவர்களுக்குக் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம். எந்த இடத்தில், எந்தப் பொருளால் வரவில்லை என்று நீங்கள் சொல்லச் சொல்லத்தான் குறிப்புகள் திருந்தின.

மஞ்சள்தூள் தோய்த்த தாளில் ஆப்ப சோடாக் கரைசலை விட்டால் நிறம் சரியாக மாறவில்லை என்று பலர் சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். மஞ்சளில் உள்ள கர்க்குமின் என்ற நிறப்பொருள் நன்றாகச் சிவக்க ஓரளவு வலுவான காரம் (அமிலத்துக்கு எதிரானது) வேண்டும். ஆப்ப சோடாவின் காரம் மிக மென்மையானது. அதனால் லேசான பழுப்போடு நின்றுவிடும். சலவை சோடா கரைத்த நீரையோ துணி சோப்புத் தண்ணீரையோ ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், உடனே செம்பழுப்பாகும். இன்னொரு கோளாறு, தாளுக்கான மஞ்சளைத் தண்ணீரில் கரைத்ததில் இருந்தது. கர்க்குமின் தண்ணீரில் கரைவது அரிது. 30 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவில் வழுவழுப்பில்லாத வெள்ளைத் தாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், எனவே அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.

"ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவக்குதுன்னு காட்டினாப் போதாதா?" என்று கேட்ட பாட்டிமாருக்குத் தனி வணக்கம். மஞ்சள் நீரில் கடுகளவு சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பு இழை இழையாக இறங்கிப் பரவும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். இதைவிட அழகான தொடக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஏறும் சோதனைக்கு, "ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்ற விளக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை ஏற்காத ஆசிரியர்களுக்கு மனமார்ந்த நன்றி. தட்டில் 1 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றி, தெளிவாகத் தெரிய இரண்டு சொட்டு மை விட்டு, விளிம்பில் கண்ணை வைத்துப் பாருங்கள். கவிழ்க்கும்போது விளிம்போரம் குமிழிகள் வெளியேறும். சூட்டில் விரிந்த காற்று அது. சுடர் எரியும்வரை தண்ணீர் அவ்வளவாக அசையாது. சுடர் சுருங்கி அணைந்து புகை எழுந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குவதும், நீராவி நீராக மாறுவதும்தான் முக்கியக் காரணம். மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் உயரம் ஏறும். ஆக்சிஜன்தான் காரணமென்றால் அப்படி ஏற வேண்டியதில்லையே! தண்ணீர் ஏறவே இல்லை என்றவர்களுக்கு: டம்ளர் தட்டோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டால் நீர் நுழைய வழி கிடைக்காது. விளிம்புக்கு அடியில் நீருக்குள் முழுகும்படி இரண்டு நாணயம் வையுங்கள்.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கவில்லை என்ற புகாருக்குக் காரணம் கல் உப்பு முழுதாகக் கரையாததே. 200 மி.லி. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள்.

பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் செருகிக் குட்டி விளக்கை எரியவைக்கும் எலுமிச்சை மின்கலத்தைக் காப்பாற்றியவர்கள், மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் தொழிலாளர்கள். அந்தச் சுருள் கம்பி வெறும் செம்பு போலத் தெரிந்தாலும் அதன்மேல் மின்சாரம் கடத்தாத வார்னிஷ் பூச்சு உண்டு. இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று செம்பு தெரிந்த பிறகுதான் செருக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாதா இரும்பு ஆணிக்குப் பதில் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. ஆணியை எடுத்துக் கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கும் நன்றி. துத்தநாகமும் செம்பும் சேர்ந்தால் ஒரு பழத்துக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். இரும்பில் அதைவிடக் குறைவு. சிவப்பு எல்.இ.டி. விளக்குக்கு 1.8 வோல்ட் அளவில் வேண்டும். ஆனால் பழம் தரும் மின்னோட்டம் மிகச் சிறியது, விளக்கை இணைத்ததும் வோல்ட் இறங்கிவிடும். அதனால் நான்கு பழம் எடுங்கள். தரையில் உருட்டி உள்ளே சாறு கட்டவிழ்ந்த பிறகு, ஆணியும் கம்பியும் உள்ளே தொடாதபடி 2 செ.மீ. இடைவெளியில் செருகுங்கள். ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு இணைத்துக்கொண்டே போங்கள். எல்.இ.டி.யின் நீளக்கால் கடைசிச் செம்பில், குட்டைக்கால் முதல் ஆணியில். வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும், அறையை இருட்டாக்கிப் பாருங்கள்.

சோதனை முடிந்த பழத்தைச் சாறு பிழிந்துவிட வேண்டாம். துத்தநாகம் கரைந்து அதில் கலந்திருக்கும்.

நன்றியுடன்,
குறிப்புகளை எழுதியவர்கள்